1834-க்கு முந்தைய அமெரிக்கத் தங்கக் காசு: எதை, எப்படிப் பார்த்து வாங்குவது?

கேள்வி சுருக்கமாக இது: கையில் சுமார் 10,000 டாலர் இருக்கிறது. 1795 முதல் 1834 வரை பிலடெல்பியா நாணயச் சாலை அடித்த தங்கக் காசுகளில் ஒன்றை வாங்க ஆசை. சேகரிப்பாகவும் இருக்க வேண்டும், பிற்பாடு விற்க நேர்ந்தால் கையைக் கடிக்கவும் கூடாது. எதை வாங்குவது, எங்கே ஏமாறுவார்கள்?

வாங்கலாம். ஆனால் தங்கம் வாங்குகிறோம் என்ற நினைப்பை முதலில் விட்டுவிடுங்கள். அந்தக் காலத்து ஐந்து டாலர் காசு, அதாவது அரை ஈகிள், 8.75 கிராம் எடை. 1792-ஆம் ஆண்டு நாணயச் சட்டம் வைத்த தரம் பன்னிரண்டில் பதினொரு பங்கு தங்கம். நம் கணக்கில் அசல் 22 காரட். ஒரு பவுனைவிட முக்கால் கிராம் கூடுதல், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் சுத்தத் தங்கம் 8.02 கிராம். ஓர் அவுன்ஸ் தங்கம் 4,000 டாலர் என்று வைத்துக்கொண்டாலும் உருக்கு மதிப்பு 1,030 டாலரைத்தான் ஒட்டும். அதே காசு நல்ல நிலையில் அதைப்போலப் பல மடங்குக்கு விற்கிறது. மீதிப் பணம் எதற்கு என்றால், அந்தக் காசு உருகாமல் தப்பியதற்கு ஒரு பங்கு, அதன் மேற்பரப்பு கெடாமல் இருப்பதற்கு ஒரு பங்கு. முதல் பங்கைப் புத்தகமும் விலைப்பட்டியலும் சொல்லிவிடும். இரண்டாவதை உங்கள் கண்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலானவர்கள் பணத்தை விடுவது இந்த இரண்டாவது இடத்தில்தான்.

உருகிய கதையைத் தெரிந்துகொள்ளாமல் விலை புரியாது. 1792 சட்டம் ஒரு பங்கு தங்கத்துக்கு 15 பங்கு வெள்ளி என்று விகிதம் வைத்தது. ஐரோப்பாவில், குறிப்பாக 1803-க்குப் பின் பிரான்சில், விகிதம் 15½. அமெரிக்காவில் தங்கம் மலிவாகவும் கடலுக்கு அப்பால் விலையேறியும் இருந்ததால், அடித்த காசு புழக்கத்துக்கு வராமலேயே கப்பல் ஏறி உலைக்குப் போனது. பத்து டாலர் ஈகிளை அடிப்பதை 1804-லேயே நிறுத்திவிட்டார்கள். மறுபடி அடித்தது 1838-ல். பிறகு 1834 ஜூன் 28 சட்டம் ஓர் ஈகிளில் இருக்க வேண்டிய சுத்தத் தங்கத்தை 247.5 கிரெயினிலிருந்து (கிரெயின் என்பது பழைய எடை அளவு) 232 கிரெயினாகக் குறைத்தது. ஒரே நாளில் பழைய பத்து டாலர் காசு புதிய பணத்தில் சுமார் 10.66 டாலர் பெறும் என்றாகிவிட்டது. யார்தான் வைத்திருப்பார்கள்? எஞ்சியிருந்தவையும் உருகின. அதனால்தான் அச்சடித்த எண்ணிக்கையை வைத்து அரிதை அளக்கக் கூடாது. 1822-ஆம் ஆண்டு அரை ஈகிள் 17,796 அடித்ததாகக் கணக்கு. இன்று தெரிந்தவை மூன்றே மூன்று. இரண்டு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில். தனியார் கையில் இருந்த ஒன்று 2021-ல் 84 லட்சம் டாலருக்குப் போனது. அதே காசு 2016 ஏலத்தில் உரிமையாளர் வைத்த குறைந்தபட்ச விலையை எட்டாமல் திரும்பியது என்பதையும் சேர்த்து மனதில் வையுங்கள். உச்ச அரிதான காசுக்குக்கூட விற்கும் நாளை நாம் மட்டும் தீர்மானிக்க முடியாது.

இப்போது 10,000 டாலருக்கு எது? பத்து டாலர் ஈகிளில் 1799-ம் 1801-ம் தான் ஓரளவு கிடைப்பவை. அவையும் நல்ல தரத்தில் இந்தத் தொகைக்குள் அடங்காது. அடங்குகிற விலையில் ஒன்று வந்தால், ஏதோ குறை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு தேடுங்கள். இரண்டரை டாலர் கால் ஈகிள் எல்லா ஆண்டும் அரிது. 1808-ல் 2,710 மட்டும் அடித்த ஓராண்டு வடிவம் போன்றவை பட்டியலிலேயே வேண்டாம். 1795 முதல் 1798 வரை வந்த சிறிய கழுகு பொறித்த அரை ஈகிளும் எட்டாது. நான் சொல்வது 1802 முதல் 1807 வரையிலான, கேடயம் தாங்கிய பெரிய கழுகு உள்ள அரை ஈகிள், அல்லது ஜான் ரீச் வடிவமைத்து 1807-ல் தொடங்கி 1812 வரை வந்த, இடப்பக்கம் பார்க்கும் தலை உள்ள அரை ஈகிள். இந்த இரண்டில்தான் உங்கள் பணத்துக்கு நேர்மையான, லேசான தேய்மானம் மட்டுமே உள்ள காசு கிடைக்கும். 1813-ஆம் ஆண்டுக் காசும் அடுத்த வடிவத்தில் எளிதாகக் கிடைப்பது. 1820-க்குப் பிறகு பெரும்பாலும் அரிதான நிலம். அங்கே இப்போதைக்குப் போக வேண்டாம்.

கேட்டால் விற்பனையாளர் சொல்லும் சில அலங்காரங்களுக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். ‘1802/1, ஆண்டுமேல் ஆண்டு அச்சு, அரிது’ என்பார்கள். 1802 அரை ஈகிள்கள் எல்லாமே 1802/1 தான். 1803 எல்லாமே 1803/2 தான். அந்த நாளில் அச்சு செய்யும் எஃகு விலை கூடியது, எளிதில் உடையக்கூடியது. பழைய அச்சை வீணாக்காமல் எண்ணை மாற்றி அடித்தார்கள். 1806-ல் இரண்டு வகை: ஆறின் நுனி கூராக உள்ளது, குமிழாக உள்ளது. குமிழ் ஆறு எளிதில் கிடைப்பது. அதில் நட்சத்திரங்கள் இடப்பக்கம் 7, வலப்பக்கம் 6. கூர் ஆறில் 8, 5. இப்படி ஒவ்வொரு அச்சு இணைக்கும் (முன்பக்க, பின்பக்க அச்சு சேர்ந்தது) ‘பிடி’ (BD) என்ற எழுத்துகளில் தொடங்கும் ஓர் எண் உண்டு. ஹாரி பாஸ் சேகரிப்பை ஆதாரமாகக் கொண்டு ஜான் டேன்ரூதர் வகுத்தது. அரிய அச்சு இணைக்குப் பணம் கொடுப்பவர்கள் எண்ணிக்கையில் சிறிய கூட்டம். நீங்கள் அந்தக் கூட்டத்தில் ஒருவர் இல்லையென்றால், நல்ல மேற்பரப்புள்ள சாதாரண இணையே போதும். விற்கும்போதும் அதற்குத்தான் வாங்குபவர் அதிகம்.

இன்னொன்று. 1807-க்கு முந்தைய அரை ஈகிளில் ஐந்து டாலர் என்று எங்கும் எழுதியிருக்காது. அது குறையல்ல, எடையும் தரமும்தான் அன்றைக்கு மதிப்பு. ‘5 D.’ என்று முதலில் வந்தது ரீச் வடிவத்தில்.

காசைக் கையில் வாங்கிப் பார்க்கும் முறை இனி. தலைக்கு மேலே குழல்விளக்கு வேண்டாம். ஒற்றை மேசை விளக்கு, 5 அல்லது 10 மடங்கு லென்ஸ் போதும். காசை விளிம்பில் பிடித்து (சான்று நிறுவனம் பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் தந்த ‘ஸ்லாப்’ என்றால் அந்தக் கூட்டையே) வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்துச் சுழற்றுங்கள். தேயாத இடத்தில் மினுமினுப்பு ஒரு சக்கரம்போல் சேர்ந்து சுற்றும். 1806 காசு என்றால் முதலில் தேய்வது நெற்றிக்கு மேல் உள்ள கூந்தலும் தொப்பியின் மடிப்பும். பின்பக்கம் கழுகின் மார்பும் மேகங்களும். அங்கே நிறம் கொஞ்சம் மங்கி, நட்சத்திரங்களுக்கு இடையிலும் எழுத்துகளைச் சுற்றியும் அசல் மினுமினுப்பு மிச்சம் இருந்தால் அது ஏயு, அதாவது கிட்டத்தட்டப் புழங்காத தரத்துக் காசு. எழுத்தின் அடிவாரத்தில் செம்பழுப்பாகக் கொஞ்சம் அழுக்கு உறைந்திருந்தால் மகிழ்ச்சியடையுங்கள். இருநூறு ஆண்டில் யாரும் அதைத் தேய்க்கவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. நிறம் சற்றுப் பச்சை கலந்த மஞ்சளாக இருந்தால் கலவையில் வெள்ளி இருப்பது காரணம், சிவந்திருந்தால் செம்பு. இரண்டும் இயல்பு. ஒரே சீராக, எழுத்து இடுக்கு முதல் நெற்றி வரை பளிச்சென்று எலுமிச்சை மஞ்சளாக இருப்பதுதான் இயல்பில்லை. அமிலத்தில் முக்கி எடுத்த காசு அது.

பழைய தங்கக் காசில் மூன்று பழுதுகள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, நகையாக இருந்தது. பன்னிரண்டு மணி இடத்தில் விளிம்பைப் பாருங்கள். வளையம் பற்றவைத்த இடத்தில் விளிம்பின் வரிகள் மழுங்கியிருக்கும் அல்லது புதிதாகக் கீறியிருக்கும். துளை போட்டு அடைத்த காசில் அந்த இடத்து எழுத்து மற்ற எழுத்தைவிடத் தடிமன் மாறி நிற்கும். இரண்டு, துடைத்தது. சாய்த்துப் பார்த்தால் ஒரே திசையில் மயிரிழைக் கோடுகள் தெரியும். மூன்று, கீறலை மறைக்க மெழுகுபோன்ற பொருளைப் பூசியது. முதலில் அழகாகத் தெரியும், காலப்போக்கில் அந்த இடம் புகைபடிந்ததுபோல் வெளுக்கும். வெற்றுத் தளத்தில் ஒரு பகுதி மட்டும் பனி மூடியதுபோல் இருந்தால் விட்டுவிடுங்கள்.

இதற்கு நேர்மாறாக, பயந்து ஒதுக்கக் கூடாத ஒரு குறியும் உண்டு. அடிப்பதற்கு முன் வெறும் வில்லை எடை கூடியிருந்தால் நாணயச் சாலையிலேயே அரத்தால் ராவி எடையைச் சரி செய்தார்கள். அந்த அரவடு இணைகோடுகளாக, பெரும்பாலும் விளிம்பின் பல்வரிசையைத் தாண்டி உள்ளே ஓடும். வித்தியாசம் காண்பது இப்படி: அரவடு அச்சுக்கு முன்னால் விழுந்தது, ஆகவே உருவம் அதன்மேல் பதிந்திருக்கும், ஆழமாகப் பதிந்த இடங்களில் கோடு அழிந்து, அழுத்தம் போதாத இடங்களில் மட்டும் தெரியும். பின்னால் விழுந்த கீறல் உருவத்தையே வெட்டிக்கொண்டு போகும், இருபுறமும் உலோகம் வரப்பாக எழும்பியிருக்கும். லேசான அரவடுக்குத் தரம் பெரிதாகக் குறைக்கமாட்டார்கள். முகத்தின் நடுவே பட்டையாக ஓடினால் விற்கும்போது கஷ்டம்; அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

ஸ்லாப் இல்லாத காசை, எவ்வளவு தெரிந்தவர் கொடுத்தாலும், இந்த விலையில் வாங்கவே வேண்டாம். பிசிஜிஎஸ், என்ஜிசி இரண்டும் 1980-களின் பின்பாதியில் வந்த தரச்சான்று நிறுவனங்கள். ஷெல்டன் அளவுகோலில் 1 முதல் 70 வரை எண் கொடுத்து, காசை பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்துத் தருவார்கள். தேய்மானமே இல்லாதது எம்எஸ் 60-ல் தொடங்கும். 50 முதல் 58 வரை ஏயு. எண் இல்லாமல் ‘டீடெய்ல்ஸ்’ என்று மட்டும் போட்டிருந்தால் துடைத்தது, துளையிட்டது என ஏதோ ஒரு பழுது. விலை பாதியாகக்கூட இறங்கும், விற்கும்போதும் அதே கதைதான். இந்தப் பட்ஜெட்டில் டீடெய்ல்ஸ் எம்எஸ் காசைவிட நேர்மையான ஏயு 53 எத்தனையோ மேல்.

எண்ணையும் கண்மூடி நம்பாதீர்கள். தரம் காலத்தோடு தளர்ந்திருக்கிறது. பழைய கூட்டில் ஏயு 58 ஆக இருந்த காசு மறுபடி அனுப்பப்பட்டு எம்எஸ் 61, 62 ஆகத் திரும்புவது இந்தத் துறையில் சர்வசாதாரணம். கண்ணுக்கு முழு மினுமினுப்போடு இருக்கும் ஏயு 58, தளமெல்லாம் உராய்வுள்ள எம்எஸ் 61-ஐவிட அழகாகவும் மலிவாகவும் இருக்கும். எனக்கு எப்போதும் அந்த 58 தான். 2007-ல் ஜான் அல்பனீஸ் தொடங்கிய சிஏசி, ஏற்கெனவே தரமிட்ட காசை மறுபடி பார்த்து, அந்தத் தரத்துக்கு உறுதியானது என்றால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டும். பழைய தங்கத்தில் அசல் மேற்பரப்பு குறைவு என்பதால் அந்த ஸ்டிக்கருக்குத் தனி விலை. கூடுதல் கொடுப்பது தப்பில்லை. பெரும்பாலும் விற்கும்போது திரும்ப வரும். ஆனால் ஸ்டிக்கர் இல்லாதது எல்லாம் மோசம் என்றும் இல்லை, அங்கே அனுப்பப்படாத காசாகவும் இருக்கலாம்.

போலியைப் பற்றி. நகைக்கடையில் உரசிப் பார்த்து 22 காரட் என்று சொன்னால் அது ஒன்றையும் நிரூபிக்காது. ஆயிரம் டாலர் தங்கத்தைப் பல ஆயிரத்துக்கு விற்கலாம் என்றிருக்கும்போது, போலிக்காரர் சரியான தரத்துத் தங்கத்தையே போடுவார். எடை 8.75 கிராமை ஒட்டியும் (தேய்மானத்தில் கொஞ்சம் குறையலாம்) நீரில் எடுக்கும் ஒப்படர்த்தி 17.6 முதல் 17.9 வரையும் வராவிட்டால் காசைச் சந்தேகிக்கலாம். வந்துவிட்டால் அசல் என்று சொல்ல முடியாது. அசல் காசிலிருந்து பிரதி எடுத்த அச்சில் அந்த அசலில் இருந்த அடிவடுவும் சேர்ந்து வந்துவிடும். ஆகவே இரண்டு வெவ்வேறு காசில் ஒரே இடத்தில் ஒரே வடிவப் பள்ளம் இருந்தால் இரண்டையும் தொடாதீர்கள். பல்வரிசை கூர்மையில்லாமல் குழைந்திருப்பது, தளத்தில் புழு ஊர்ந்ததுபோல் மேடான கோடுகள் இருப்பது, இவையும் அடையாளம். இப்போது கூட்டையே போலியாகச் செய்கிறார்கள். சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு எண்ணும் ஆண்டும் பொருந்துவதோடு விட்டுவிடாதீர்கள். அங்கே படம் இருந்தால் காசின் ஒவ்வொரு வடுவையும் படத்தோடு ஒப்பிடுங்கள். உண்மையான எண்ணைத் திருடிப் போலிக் கூட்டில் போடுவதுதான் வழக்கம்.

வாங்குமுன் செய்ய வேண்டிய வேலைகளில் அதிகப் பலன் தருவது ஏலப் பதிவுகளைத் தேடுவது. ஹெரிடேஜ், ஸ்டாக்ஸ் பவர்ஸ் போன்ற ஏல நிறுவனங்கள் பழைய விற்பனைகளின் படமும் விலையும் இணையத்தில் வைத்திருக்கின்றன. கணக்குத் தொடங்கினால் பார்க்கலாம். இந்தக் காசுகள் குறைவு, ஒவ்வொன்றுக்கும் கைரேகைபோல் தனி வடுக்கள். கன்னத்தில் ஒரு சிறு வெட்டு, நான்காவது நட்சத்திரத்தின் அருகே ஒரு கீறல் என்று இரண்டு மூன்று குறியைப் பிடித்துக்கொண்டு அதே ஆண்டின் பழைய படங்களைப் புரட்டுங்கள். உங்கள் காசு கிடைத்துவிட்டால் மூன்று விஷயம் ஒன்றாகத் தெரிந்துவிடும்: அப்போது என்ன விலை, அப்போது என்ன தரம், அதற்குப் பிறகு யாராவது அதைத் தொட்டு ‘மேம்படுத்தி’ இருக்கிறார்களா. 2009-ல் அழுக்கோடு ஏயு 55 ஆக இருந்த காசு இன்று பளபளவென்று எம்எஸ் 61 என்றால் பதில் அங்கேயே இருக்கிறது.

விலை கேட்கும் கணக்கு எளிது, ஆனால் ஏலச் சூட்டில் மறந்துவிடும். சுத்தியல் விலைக்கு (ஏலத்தில் கடைசியாக முடியும் விலை) மேல் ஏல நிறுவனம் வாங்கும் வாங்குபவர் கட்டணம் 20 சதவீதமோ கொஞ்சம் கூடவோ இருக்கும். மொத்தம் 8,000 டாலர்தான் என்று முடிவு செய்தால், 20 சதவீதத்தில் உங்கள் கடைசிக் கேட்பு 6,666. அதற்கு மேல் தபால், காப்பீடு, உங்கள் மாநிலத்தில் விதிவிலக்கு இல்லையென்றால் விற்பனை வரி. விலைப்பட்டியலில் போட்டிருக்கும் ‘மதிப்பு’ சில்லறை விலை, உச்சவரம்பு. கடைசி மூன்று நான்கு ஏல முடிவுகளில் அதே தரம், அதே வடிவம் என்ன விலைக்கு முடிந்தது என்பதே சந்தை. நல்ல வியாபாரியிடம் கொஞ்சம் அதிகம் கொடுத்து வாங்குவதிலும் நியாயம் உண்டு: கையில் பார்க்கலாம், திருப்பித் தரும் நாள் கிடைக்கும், பின்னால் அவரே வாங்கவும் செய்வார். அந்தத் திருப்பித் தரும் நிபந்தனையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏலத்தில் தரமிட்ட காசைப் பொதுவாகத் திருப்ப முடியாது.

முதலீடு என்றால் இந்தக் கணக்கைப் பாருங்கள். எல்லாம் சேர்த்து 10,000 கொடுத்து ஏலத்தில் வாங்கிய காசுக்கு, விற்கும் நாளில் அடுத்தவரும் எல்லாம் சேர்த்து அதே 10,000 கொடுக்கிறார் என்று வைப்போம். சுத்தியல் விலை 8,333. விற்பவரிடமும் கமிஷன் எடுத்தால் கைக்கு இன்னும் குறைவு. ஆக விலை 20 சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் போட்ட பணமே திரும்பும். அமெரிக்காவில் ஓராண்டுக்கு மேல் வைத்து விற்ற சேகரிப்புப் பொருளின் லாபத்துக்கு மத்திய வரி 28 சதவீதம் வரை போகலாம். பங்குகளுக்கான சலுகை விகிதம் இதற்கு இல்லை. தங்க விலை ஏறினால் இந்தக் காசும் கூடவே ஏறும் என்பதும் இல்லை. 1989-ல் வால் ஸ்ட்ரீட் நிதிகள் அரிய காசுக்குள் பணத்தைக் கொட்டி விலையை ஏற்றின. அடுத்த ஆண்டே சரிவு, அதன்பின் பல ஆண்டுகள் எழவில்லை. பத்தாண்டு தொடாமல் வைத்திருக்க முடியாத பணமாக இருந்தால் வாங்காதீர்கள். தங்க ஏற்றம்தான் உங்கள் நோக்கம் என்றால் சாதாரணத் தங்கக் காசே பொருத்தம். இரண்டிலும் கால் வைக்க விரும்பினால் 1834 சட்டத்துக்குப் பிந்தைய, கிளாசிக் ஹெட் என்ற வடிவத்து அரை ஈகிளைப் பாருங்கள். வில்லியம் நீஸ் வடிவமைத்தது, 8.36 கிராம். பழைய காசிலிருந்து பிரித்தறிய கழுகுக்கு மேலிருந்த வாசகத்தை எடுத்துவிட்டு அடித்தார்கள். நடுத்தரத் தேய்மானத்தில் அதன் விலை தங்க மதிப்பிலிருந்து வெகுதூரம் விலகாது. முதல் காசாகவும் நன்று.

வாங்கியபின் துடைக்காதீர்கள், கூட்டை உடைக்காதீர்கள். பிவிசி உறையில் வைக்காதீர்கள். வங்கி லாக்கரில் இருப்பது வங்கியின் காப்பீட்டில் வராது. வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் காசுகளுக்கு வரம்பு பெரும்பாலும் 200 டாலர்தான். சேகரிப்புக்கென்று தனிக் காப்பீடு எடுங்கள். ரசீது, சான்று எண், இருபக்கப் படம், பழைய ஏல விவரம் நான்கையும் காசு இல்லாத இடத்தில் வையுங்கள்.

இந்தியாவுக்கு எடுத்துவரும் யோசனை இருந்தால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். தங்கக் காசுக்குச் சுங்க வரி, இறக்குமதிக் கட்டுப்பாடு இரண்டும் உண்டு. அதைவிடப் பெரிய சிக்கல், 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டம் நூறாண்டு தாண்டிய காசைத் தொல்பொருளாகக் கருதுகிறது. தனியார் அதை ஏற்றுமதி செய்ய முடியாது. காசுக்கு வாங்குபவர்கள் இருப்பதோ அமெரிக்காவில். அங்கேயே லாக்கரில் விட்டுவைப்பதுதான் நல்லது. விற்கும் காலம் வந்தால் ஒரே வியாபாரியிடம் விலை கேட்டு முடிக்காமல், இரண்டு ஏல நிறுவனங்களிடம் விற்பவர் கமிஷன் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பேரம் பேசினால் குறைப்பார்கள். நல்ல மேற்பரப்புள்ள பழைய தங்கத்துக்கு முழுவதும் தள்ளுபடி செய்வதும் உண்டு.